பதினெட்டாம் எண் வீட்டின் வானிலை

மே மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, மாலை நாலே முக்கால் மணிக்கு, பதினெட்டாம் எண் வீட்டு மாடியறைக்குள் மட்டும் பனி பெய்தது. பெய்தது இருபது நிமிடம். மேசைமேல் இரண்டு விரற்கடை, தரையில் ஒன்றரை. வெளியே முப்பத்தொன்பது டிகிரி. தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வருகிற துணியையெல்லாம் நாளைக்கு என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். மாடியறையில் இருந்தவர் காதில் ஹெட்போனோடும் தோளெல்லாம் பனியோடும் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று அவர் வீடு திரும்பி அன்றோடு நாற்பத்தோரு நாள். அதற்குள் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை. ஆகவே கீழே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டான் என்று நினைத்து, கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது.

“தலையில என்னங்க, சுண்ணாம்பா?”

“பனி,” என்றார் அவர். “ரேடியோல ஒருத்தரோட பேசிட்டு இருந்தேன். அவங்க ஊர்ல பனி பெய்யுதாம்.”

“அவங்க ஊர்ல பெய்ஞ்சா அங்கதானே விழணும்?”

அவள் குனிந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் அது தண்ணீராகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இதை யார் கூட்டித் தள்ளுவது என்று மட்டும் கேட்டுவிட்டு, விளக்குமாறு எடுத்துவரக் கீழே போனாள்.

தெருவில் அவரைச் சிக்னல்காரர் என்பார்கள். பதினெட்டு வயதில், அதே மாடியறையில், கெட்டுப்போன வானொலிப் பெட்டிகளைப் பிரித்து அவர் சொந்தமாக ஒரு செட் செய்து, பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ உரிமமும் வானலையில் தன் அடையாளமாகச் சொல்ல ஓர் அழைப்புக் குறியும் வாங்கியிருந்தார். இதில் பாட்டு கிடையாது, செய்தி கிடையாது, சம்பளமும் கிடையாது. காலியான வானத்தைப் பார்த்து யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட வேண்டும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இதேபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இன்னொரு கிறுக்கன் பதில் சொல்வான். உன் குரல் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, என் பெயர் இது, ஊர் இது, இங்கே வானிலை இப்படி, அங்கே எப்படி என்று பேசிவிட்டு, வாழ்த்துச் சொல்லிப் பிரிந்து, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இரண்டு வருஷம் அந்தப் பையனுக்குச் சோறு தண்ணி அதுதான்.

இருபதாம் வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். ரேடியோ தெரிந்தவன் என்று தகவல் பிரிவில் போட்டார்கள். முதல் மாதமே, எல்லையோரக் கூடாரம் ஒன்றிலிருந்து, மறுமுனையில் இருந்த சிப்பாயிடம் பழக்க தோஷத்தில் அங்கே மழையா என்று கேட்டுவிட்டார். போர்முனையில் வானிலையும் ராணுவ ரகசியம் என்பது அவருக்குத் தெரியாது. பதினான்கு நாள் தண்டனை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் லட்சக்கணக்கான வார்த்தைகள் அவர் வாய் வழியாகப் போயின. அதில் ஒன்றுகூட அவருடையதில்லை. ஊருக்கு வந்த பின்னும் அப்படித்தான் இருந்தார். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்று மனைவி சொன்னால், “சரி, கிடைத்தது” என்பார். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால் சிறிது யோசித்து, “ஆட்சேபம் இல்லை” என்பார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். விடுப்புகளைக் கூட்டிப் பார்த்தால் சேர்ந்திருந்தது பதினேழு மாதம். குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

மனைவியின் அண்ணன், கடைவீதியில் மின்விசிறிக் கடை வைத்திருப்பவர், மாப்பிள்ளை இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் துருப்பிடித்துவிடுவார் என்று கவலைப்பட்டு, வங்கி ஒன்றில் காவலாளி வேலைக்குச் சொல்லி வைத்தார். அதற்கான சீருடையைத்தான் தங்கை கீழே தைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையோ, ஊர் வந்த இரண்டாம் நாளே யாரிடமும் சொல்லாமல் உரிமத்தைப் புதுப்பிக்க மனுப் போட்டிருந்தார். நாற்பதாம் நாள் தபாலில் வந்த உறையைப் பிரித்தவர் நேராக மாடிக்குப் போனார். பழைய செட்டைத் தூசி தட்டி, உப்புப் பூத்துப்போன பதினொரு கண்டென்சர்களை மாற்றினார். மாடிப்படி முகப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை செம்புக் கம்பி ஒன்றை ஏரியலாக இழுத்துக் கட்டினார். மறுநாள் மாலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழைத் திருகியபோது, அந்த இரைச்சல், கொதிக்கிற எண்ணெயில் மழைத்தண்ணி விழுந்த மாதிரியான அந்தப் பழைய இரைச்சல், காதுக்குள் வந்து உட்கார்ந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் நிறுத்தாமல் பேசியவர், அப்போது மைக்கை எடுத்து, துடைத்து, திரும்பக் கீழே வைத்தார். ஏனென்றால் அடுத்து அவர் சொல்ல வேண்டியது தன் சொந்தப் பெயரை.

மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. நான்காவது தடவை, இரைச்சலின் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து ஆள் ஏறி வருவதுபோல் ஒரு குரல் ஏறி வந்தது. பூமியின் தென்கோடியில், ஒரு மலைக்கணவாயை ஒட்டிய பத்து வீட்டுக் குடியிருப்பில் வசிப்பவர். பியானோக்களுக்கு ஸ்ருதி சேர்ப்பது தொழில். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொது மொழியில் பேசிக்கொண்டார்கள். உன் குரல் பக்கத்து அறையில் கேட்பதுபோல் கேட்கிறது என்றார் ஸ்ருதிக்காரர். சிக்னல்காரர் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்: அங்கே வானிலை எப்படி? விடியற்காலையிலிருந்து பனி, என்றார் ஸ்ருதிக்காரர், பெரிய பெரிய இதழ்களாக, அவசரமே இல்லாமல் இறங்குகிறது, வாசல் கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் இதழ் நோட்டுப் புத்தகத்தில் விழுந்து, அப்போதுதான் எழுதிய தேதியின் மையைக் கரைத்தது.

மறுநாள் ஒரு கலங்கரை விளக்கக் காவலரோடு பேசியபோது மூடுபனி வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு வாழைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையோடு பேசியபோது அடைமழை பிடித்துக்கொண்டது. மாடித்தரை ஒழுகி, கீழே வெட்டி வைத்திருந்த ஆறு ரவிக்கைகள் நனைந்தன. வங்கி வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை காலை ஒரு கப்பல் சமையல்காரரோடு பேச்சு நீண்டு, கடற்காற்று அறைக்குள் புகுந்து, சீருடைத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அதோடு அந்த வேலையும் போயிற்று. அவர் கம்பியை நீளமாக்க நீளமாக்க வானிலை அறையைத் தாண்டி மொட்டைமாடிக்கும், பிறகு முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட தெரு முழுவதற்கும் பரவியது. தெருவைத் தாண்டி ஓர் அடிகூடப் போகவில்லை. இதற்கு ஓர் ஒழுங்கு இருந்ததைப் போகப் போகக் கண்டுகொண்டார்கள். பேச்சு நடக்கிறவரைதான் வானிலை வரும். பொய் சொன்னால் வராது. வானவில் தெரிகிறது என்று ஒருவன் கதை விட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை. சுருக்கிச் சொன்னால் கொஞ்சமாக வரும், அனுபவித்துச் சொன்னால் அள்ளிக்கொண்டு வரும். இங்கே இருப்பதும் அங்கே போகும். முதல் நாள் நீ பேசி முடித்தபோது என் ஜன்னல் விளிம்பில் பனி உருகிவிட்டது, பூனை வந்து அந்தச் சூட்டில் படுத்துக்கொண்டது என்று ஸ்ருதிக்காரர் பின்னொரு நாள் சொன்னார்.

ஒரு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரோடு பேசினார். ஆள் மாறிப்போனார். படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். சாப்பிடும்போதே, இன்னிக்கு யார் கிடைச்சாங்க தெரியுமா என்று ஆரம்பிப்பார். மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வாள். தெருவும் பழகிக்கொண்டது. இஸ்திரிக்காரருக்கு மத்தியானத்தில் காற்று வேண்டும். ரொட்டிக்கடைக்கார அம்மாவுக்கு அடுப்பிலிருந்து தட்டை இறக்கும் நேரத்தில் தூறல் ஆகாது. இருவரும் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மனைவி மட்டும் அந்தச் செட்டின்மேல் ஒரு விரலும் வைக்கவில்லை. “எனக்கொரு சக்களத்தி வந்திருக்கா,” என்று துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லுவாள். “கம்பியெல்லாம் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்காரு.” சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். உலகத்தில் யார் யார் வீட்டிலோ என்ன வானிலை என்று கேட்கிறவர், இந்தப் பதினாறு வருஷமும் இந்த வீட்டில் என்ன அடித்தது, என்ன பெய்தது என்று ஒரு தடவை கேட்டதில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வேறு பிரச்சினை. பதினெட்டாம் எண் வீட்டுத் தெருவில் அந்தக் கோடையில் ஒரு மின்விசிறிகூட விற்கவில்லை. போன வருஷம் வாங்கியவர்கள்கூடத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு புகார் எழுதி வயர்லெஸ் அலுவலகத்துக்கு அனுப்பினார். அலுவலகம் ஒரு வருஷம் யோசித்து ஓர் ஆய்வாளரை அனுப்பியது.

ஆய்வாளர் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். கையில் அளவுக் கருவி, பையில் அரக்கும் முத்திரையும். அன்று நாற்பத்தொரு டிகிரி. அவர் செட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் ஸ்ருதிக்காரரின் குரல் வந்தது. எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அன்று வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பேசினார். ஆறு நாளாகப் பனி நிற்கவில்லை. கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாக வந்து போகிறார்கள். நேற்று முதல் தன் மனைவிக்கு வலதுபக்க அடிவயிற்றில் வலி, இப்போது காய்ச்சலும். குடல்வாலாக இருக்கும், வெடித்தால் ஆபத்து, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் செத்துவிட்டது. ஆம்புலன்ஸ் கணவாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நடுவே பதினொரு கிலோமீட்டர் ரோடு பனிக்கு அடியில். பனி தள்ளுகிற வண்டி பழுதாகிக் கிடக்கிறது. உதவி கேட்டு அவர் கூப்பிடவில்லை. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது, அதனால் கூப்பிட்டேன் என்றார்.

“இங்கேயே இருங்கள். அலைவரிசையை விட்டு நகராதீர்கள்,” என்றார் சிக்னல்காரர்.

“சார், இதுக்கு நான் சீல் வைக்கணும்,” என்றார் ஆய்வாளர்.

“வைங்க சார். அஞ்சரைக்கு மேல வைங்க.”

அஞ்சரை என்பது கணக்கு. வெயில் சாய்ந்தால் இவ்வளவு தூரத்துக்கு அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வானம் சோம்பிப்போகும். அதன்பின் எவ்வளவு கத்தினாலும் தென்கோடிக்குக் கேட்காது. சிக்னல்காரர் மைக்கை வாயருகே இழுத்து, முதுகை நிமிர்த்தி, இருக்கிற வெயிலையெல்லாம் அனுப்பத் தொடங்கினார். “வெப்பம் நாற்பத்தொன்று. காற்று இல்லை. மேகம் இல்லை. ஓவர்.” மாடியறையில் சூடு அரைக்கால் டிகிரி குறைந்தது. அங்கே கூரை விளிம்பில் நாலு சொட்டு விழுந்ததாம். திரும்பச் சொன்னார். வெப்பம் நாற்பத்தொன்று. வெப்பம் மிக அதிகம். வெப்பம் மிகமிக அதிகம். நெற்றி நரம்பு புடைத்தது. மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. எண்ணையும் எழுத்தையும் கடத்தியே பழகிய நாக்கு அது.

ஆய்வாளருக்குத் தேநீர் கொண்டுவந்த மனைவி டம்ளரோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வெயிலை இப்படியா சொல்லுவாங்க?” என்றாள்.

“வேற எப்படிச் சொல்றது?”

“நகருங்க.”

அவர் நகர்ந்தார். அவள் உட்கார்ந்தாள். உரிமம் இல்லாதவர் பேசக் கூடாது என்று ஆய்வாளர் எழுந்தார். பிறகு பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டி, உரிமம் உள்ளவர் அருகிலிருந்து மேற்பார்வையிட்டால் விருந்தினர் பேசலாம் என்ற பிரிவைச் சத்தமாகப் படித்துவிட்டு, தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் தனக்குத் தெரிந்த மொழியிலேயே பேசினாள். மறுமுனைக்கு ஒரு சொல்லும் புரியாது என்பதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

“கீழ நான் தைக்கிற ரூம் வீட்டை ஒட்டின சாய்ப்பு, தகரக் கூரை. பதினோரு மணிக்கே கூரை சடசடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிடும். மெஷின் சக்கரத்தைத் தொட்டா கை சுடும். வேர்வை துணியில விழுந்தா கறையாயிடும்னு நெத்தியில ஒரு துணியைச் சுத்திக்குவேன். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கிற மாசத்துல ஃபேன் போட முடியாது, காத்துல நூல் பறக்கும். மத்தியானம் குழாயைத் திறந்தா கொதிக்கிற தண்ணிதான் வரும். குடிக்க முடியாது, அதுல அப்படியே டீ போட்டுக்கலாம்…”

மாடியறையில் மூச்சு புகையாக வரத் தொடங்கியது. தேநீர் ஆறி, மேலே ஏடு கட்டி, பிறகு ஏடு விறைத்தது. மறுமுனையில் ஸ்ருதிக்காரர் கத்தினார்: கூரை முழுவதும் ஒழுகுகிறது, வாசல் கதவு தெரிகிறது, கதவு திறக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் குதிரையில் ஏறிக் கணவாய்ப் பக்கம் போயிருக்கிறார், ரோடு எவ்வளவு தூரம் தெரிகிறதென்று அவர் அவ்வப்போது கைவயர்லெஸ்ஸில் சொல்லுவார். முதல் தகவல் மூன்றே காலுக்கு வந்தது. இரண்டு கிலோமீட்டர்.

அதற்குள் தெரு திரண்டுவிட்டது. தெருவில் திடீரென்று குளிர்ந்தால் பதினெட்டாம் எண் வீட்டு மாடியில் ஏதோ நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். மாடிப்படி முழுக்க ஆட்கள். அக்கா, நான் கொஞ்சம் சொல்றேன் என்று இஸ்திரிக்காரர் வந்து உட்கார்ந்து, கரியைப் பற்றவைத்த நேரத்திலிருந்து கடைசிச் சட்டை மடிக்கிற நேரம்வரை தன் வலதுகையில் ஏறுகிற சூட்டை, விரல் விரலாக, முழங்கைவரை சொன்னார். ரொட்டிக்கடைக்கார அம்மா அடுப்பின் வாயைத் திறக்கும்போது கண்ணிமை எரிவதைச் சொன்னார். நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருபது வருஷமாகத் தன் இடது முழங்காலை ஒட்டிக் கொதிக்கிற எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தன்னை மறந்து, போக்குவரத்துக் கழகத்தைத் திட்டவும் தொடங்கினார். திட்டிலும் சூடு இருந்ததால் விட்டுவிட்டார்கள். நாலு கிலோமீட்டர். ஆறு. ஒவ்வொரு எண் வரும்போதும் அதைப் படி வழியாக வாய்க்கு வாய் கீழே அனுப்பினார்கள். தெருவில் நின்றவர்கள் கைதட்டுகிற சத்தம் மேலே வந்தது. சிக்னல்காரர் ஒரு கையால் குமிழை நூலளவு நூலளவாகத் திருகி, மங்குகிற குரலைப் பிடித்துப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசினால் செட் புகைந்துபோயிருக்க வேண்டும். அறை இருந்த குளிரில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நாலரைக்கு அண்ணன் வந்தார். புகார் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர், படியில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மேலே ஏறி, தங்கையின் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். “எங்க கடைக்குள்ள அறுபது ஃபேன் சுத்தும்,” என்று மைக்கில் சொன்னார். “வர்றவங்க பார்க்கணும்னு எல்லாத்தையும் வாசலைப் பார்த்துத் திருப்பி வச்சிருக்கேன். கல்லாவுல உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரு பொட்டுக் காத்து வராது. பதினெட்டு வருஷமா.” சொல்லி முடித்ததும் அவருக்கே வியப்பாக இருந்தது. எட்டு கிலோமீட்டர். ரோட்டிலிருந்த பாலம் தெரிந்துவிட்டது. அடுத்து ஆய்வாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணாடி இறங்காத அரசாங்க வேனில் திருட்டு ஒலிபரப்பைத் தேடி அலைந்த ஒரு கோடையைப் பற்றி, தேதி நேரத்தோடு, கோப்பில் எழுதுவதுபோல் பேசினார். ஆனாலும் அவர் குரல் ஓரிடத்தில் உடைந்தது. பத்து.

அஞ்சே காலுக்குக் கடைசிக் கிலோமீட்டரில் நின்றுபோயிற்று. செங்குத்துப் பாறையின் நிழலில் இருக்கிற வளைவு; வெயிலே படாத இடம், ஆளுயரப் பனி. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது, விளக்கு சுழல்வது தெரிகிறது, வர வழியில்லை. இங்கே தெருவில் ஜன்னல் கம்பிகளில் உறைபனி பூத்திருந்தது. எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள்; போர்வைகளைச் சுற்றிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் இரைச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இனி கால்மணி நேரம் கிடைத்தால் பெரிது.

மனைவி திரும்ப வந்து உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் மைக்கை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“கல்யாணமான மூணாம் வருஷம். ஏழாவது மாசம். மே கடைசி. காலையில இருந்தே வயித்துல அசைவு இல்லை. பஸ் ஸ்டிரைக் அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன், நாலு மைல். பன்னிரண்டு மணி. ரோட்டுல தார் இளகி ஒரு செருப்பு ஒட்டிக்கிச்சு, குனிஞ்சு எடுக்க முடியல, விட்டுட்டுப் போனேன். அந்தக் கால் அடியில இருந்து நெருப்பு ஏறுது, தலையில இருந்து நெருப்பு இறங்குது, ரெண்டும் எங்க வந்து சேருதுன்னு எனக்குத் தெரியும். வழியில ஒரு நிழல்கூட இல்லை. உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்னு தெரியும், அதனால உட்காரல. அங்க போய்ச் சேர்ந்தப்போ நர்ஸ் என் கையைத் தொட்டுட்டு, அடுப்புல இருந்து எறங்கி வர்ற மாதிரி இருக்கியேம்மான்னா. குழந்தை அப்பவே இல்லை. எல்லையில இருக்கிறவருக்கு எதுக்குக் கவலைன்னு, குழந்தை தங்கலை, நான் நலம்னு ரெண்டு வரி எழுதிப் போட்டேன். அந்த நாலு மைலை எழுதல. அந்த வெயில் இன்னும் எனக்குள்ளதான் இருக்கு. பதினாலு வருஷமா எறங்கல.”

அவள் சொல்லி முடித்தபோது மாடியறைச் சுவர்கள் வெளுத்திருந்தன. சிக்னல்காரரின் கை குமிழின்மேல் அப்படியே இருந்தது. பிறகு, மிகத் தூரத்திலிருந்து, ஸ்ருதிக்காரர் ஏதோ சொன்னார். அது என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர் மைக்கை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து வந்தது தண்ணீர் ஓடும் சத்தம், ஓடை ஒன்று உடைத்துக்கொண்டதுபோல. அதன் நடுவே, நெருங்கி நெருங்கி வருகிற ஆம்புலன்ஸின் சங்கு. மாடிப்படியில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. தெருவுக்கும் கேட்டது. அஞ்சு முப்பத்து மூன்றுக்கு அலை அறுந்தது.

ஆட்கள் கீழே இறங்கிக் கொண்டாடப் போனார்கள். தெருவே திருவிழா மாதிரி இரைந்தது. ரொட்டிக்கடைக்கார அம்மா அன்றைய தட்டுகளை அப்படியே தெருவில் கொண்டுவந்து வைத்தார். மாடியில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

“எனக்குத் தெரியாது,” என்றார் அவர்.

“நீங்க கேட்கலையே.”

“இப்ப கேட்கிறேன்,” என்றார். “எல்லா வருஷத்தையும் சொல்லு.”

அவள் சொன்னாள். எல்லாக் கோடையையும், கூரை பிய்த்துக்கொண்டு போன ஒரு மழைக்காலத்தையும், தனியாகப் பூட்டிய கதவுகளையும். அவர் நடுவில் ஒருமுறைகூட சரி, கிடைத்தது என்று சொல்லவில்லை. விடியும்வரை இறங்கி வராததால், கீழே ஆறு துணிகள் தைக்காமல் கிடந்தன.

ஆய்வாளரின் அறிக்கை நான்கு நாளில் போயிற்று. அலைவரிசை, சக்தி இரண்டும் விதிக்குள். உபரி உமிழ்வு: வெப்பம். இடையூறு ஏதுமில்லை. முத்திரை வைக்கத் தேவையில்லை. அண்ணன் தான் எழுதிய புகாரை ஒப்புக்கொண்டு, தங்கையிடம் ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினார். தெரு ஒன்பது நாள் வெயில் இல்லாமல் இருந்தது. பத்தாம் நாள் காலை, ஒன்றும் நடக்காததுபோல் திரும்ப வந்தது. மூன்று வாரம் கழித்துத் தென்கோடியிலிருந்து ஓர் அட்டை தபாலில் வந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது, ஏழு தையல், மனைவி எழுந்து நடக்கிறாள், வெயிலைச் சொன்ன அம்மாவுக்கு அவள் முத்தங்களை அனுப்புகிறாள் என்று எழுதியிருந்தது. தையல்காரி அதைக் கணவனைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள்.

“ஏழா?” என்றாள். “அஞ்சு போட்டிருந்தா போதும்.”

அதற்கடுத்த வருஷம் அவளும் உரிமப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை மின்சுற்று வரைபடத்தில் தோற்றாள். அதை ரவிக்கை வெட்டுகிற மாதிரி நினைத்துக்கொள் என்று அவர் சொன்ன பிறகு இரண்டாம் தடவை தேறினாள். தனக்கென்று அழைப்புக் குறி வந்த அன்று அதைத் தையல் அறைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினாள். இப்போது மாடியில் ஒரு செட், கீழே மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு செட். அவள் இழுக்கிற வானிலை அவர் இழுப்பதைவிடப் பெரிதாக இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தெருவினர் கேட்டுக்கொண்டார்கள். அதன்படி வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. நேற்று அதில் எழுதியிருந்தது: காலை பத்து முதல் பதினொன்று வரை தூறல். பன்னிரண்டுக்கு ஆலங்கட்டி, சின்னது. மூன்று மணிக்கு மேல் வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், உள்ளூர் வெயில்தான். தெருவில் எல்லோரும் மூன்று மணிக்கு மேல் துணி காயப்போட்டார்கள்.